மூன்று காட்டு ஏரி

மூன்று காடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் கரையைக் காக்க மூன்று காடுகளின் விலங்குகளும் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தன. முள்ளி என்ற முள்ளம்பன்றி அதற்குத் தலைவி.

ஆனால் கரைக்கு வேண்டிய மண்ணில் பெரும்பகுதியைச் சுமந்தது தேக்குக்காட்டு யானை மலையன்தான். மற்றவை ஆளுக்கு ஒரு பிடி போட்டுவிட்டு நிழலில் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் நரி மலையனிடம் வந்தது. "அண்ணே, ஏரி மூன்று காட்டுக்கும் பொது. முதுகுவலி மட்டும் உங்களுக்கா?"

மலையனுக்குச் சுருக்கென்றது. நேராகச் சபைக்குப் போனது.

"இனி எல்லாரும் சமமாகச் சுமக்க வேண்டும்! இல்லையென்றால் நான் வரமாட்டேன்!"

"நீங்கள் ஒருமுறை குளிக்கிற தண்ணீரை நாங்கள் ஒரு வாரம் குடிப்போமே!" என்றது குரங்கு.

"முயலால் உங்கள் அளவுக்குச் சுமக்க முடியுமா?" என்று கேட்டது முள்ளி.

"அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!" மலையன் குன்றின்மேல் ஏறிவிட்டது.

எப்படியும் யானை வந்துவிடும் என்று மற்ற விலங்குகள் காத்திருந்தன. கரையை யாரும் தொடவில்லை. மழைக்காலம் வந்தது.

ஒரு மதியம் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியது. ஏரி நுரைத்து எழுந்தது. கரையின் நடுவே ஓர் உடைப்பு! கீழே புல்வெளியில், பிறந்து சில நாளே ஆன மான்குட்டிகள் கிடந்தன.

அப்போது குன்றிலிருந்து மலையன் அந்தக் காட்சியைக் கண்டது. முயல்கள் வாய் நிறைய மண்ணைக் கவ்விக்கொண்டு ஓடின. குரங்குகள் கல் உருட்டின. முள்ளி உடைப்பிலேயே இறங்கிவிட்டது. வெள்ளம் அதைப் புரட்டிப் போட்டது. முள்ளி எழுந்து மறுபடியும் இறங்கியது. இத்தனை சிறிய உடம்பா இத்தனை பெரிய தண்ணீரை எதிர்த்து நிற்கிறது! மலையன் மூச்சுவிடவும் மறந்தது.

பிளிறிக்கொண்டு ஓடிவந்து உடைப்பின் குறுக்கே நின்றது. வெள்ளம் அதன் விலாவில் மோதியது. ஆனால் கால்களுக்கு இடையே தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

"மண்ணைப் போடுங்கள்! என்னால் மட்டும் முடியாது!"

"அசையாதீர்கள் அண்ணே!" என்று கத்தியது முள்ளி.

பிடி பிடியாக மண் விழுந்தது. பாய்ச்சல் கசிவானது. கசிவும் நின்றது. மண் இறுகிய பிறகே மலையன் காலை எடுத்தது.

எல்லாம் திரும்பிப் பார்த்தன. கடல்போல் பரந்த தண்ணீர், கரைக்குக் கட்டுப்பட்டு, அவற்றின் முன்னே அமைதியாகக் கிடந்தது. நரிகூட மண் அப்பிய வாயோடு வியந்து நின்றது.

கடைசியில் முள்ளி சொன்னது: "இனியும் பெரிய சுமை உங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் சுமந்து முடிக்கும்வரை எங்களில் யாரும் நிழலுக்குப் போகமாட்டோம்."

"அது போதும்!" என்றது மலையன்.

பொதுக் காரியத்தில் பலமுள்ளவர் கூடுதலாகச் சுமக்கலாம். ஆனால் மற்றவர் தம்மால் முடிந்ததை முழுதாகச் செய்தால்தான் அது நியாயமாகும்.