நொய்யும் பொடியும்

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் கோகிலவாணியின் பட்டறைக்கு மட்டும் ‘டீச்சர் பட்டறை’ என்று பெயர். மெக்கானிக்கல் இன்ஜினியரான அவர், முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்டு வருடக்கணக்காகியும் பெயர் மட்டும் அவரை விடவில்லை.

பூமியைத் துளைக்கும் வண்டியில் அவர் கைவைக்காத பாகம் இல்லை. துளைக்குள் இறக்கும் நீளக் கம்பியான ராடை மாற்றும்போது ஆட்களின் விரல் நசுங்கிவிடாமல் தானே பிடித்துக்கொள்ளும் இரும்புக் கை, துளையிலிருந்து கிளம்பும் புழுதியை நனைத்து அடக்கும் தொப்பி, குழிக்குள் சிக்கிக்கொண்ட பிட்டைக் கவ்வி மேலே இழுக்கும் கொக்கி எல்லாம் அவர் கண்டுபிடித்தவைதான். ஆனால் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டுப் பதில் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. எதையாவது கையில் கொடுத்து, “இதைப் பாருங்க” என்பார். அதோடு சரி.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சீடர் வாய்த்தார். நல்லசிவம் என்று பெயர். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். அவரும் இன்ஜினியர்தான், வெப்படைப் பக்கம் ஒரு நூல் மில்லில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே தலை நரைத்தவர். மனைவி சாந்தாமணி இறந்தபின் மில்லுக்குள் கால் வைக்கவே பிடிக்காமல், ஒரு நாள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“இந்த வயசுல புதுசாக் கத்துக்க வந்திருக்கறேன். சிரிக்காதீங்க டீச்சர்.”

“மெஷின் சிரிக்காதுங்கண்ணா. உள்ள வாங்க.”

ஒன்றரை வருடத்தில் நல்லசிவம் நன்றாகவே கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? சொந்தமாக ஒரு பிட் செய்யத் தொடங்கினார். ராடின் நுனியில் மாட்டும் இரும்புத் தலைதான் பிட். அதன் முகத்தில் பதித்திருக்கும் கெட்டியான பட்டன்கள் பாறையில் மோதி மோதி உடைக்கும். நம் ஊர்ப் பாறைக்கு இந்தப் பட்டன்கள் போதாது என்பது நல்லசிவத்தின் கட்சி. அதனால் தன் பிட்டில் இடம் கண்ட பக்கமெல்லாம் பட்டன் பதித்துவிட்டார்.

“மாதுளம்பழத்தப் பொளந்து வெச்ச மாதிரியே இருக்குதுங்கண்ணா,” என்றான் வண்டி ஓட்டும் செங்கோடன்.

மாதுளம்பழம் அழகாகத்தான் இருந்தது. பாறைதான் மசியவில்லை. பட்டறைக்குப் பின்னாலிருந்த கரும்பாறையில் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண பிட் இறங்கும் வேகத்தில் பாதிகூட இறங்கவில்லை. நல்லசிவம் இன்னும் கொஞ்சம் பட்டன் சேர்த்தார். இன்னும் மெதுவாக இறங்கியது.

“இன்னும் பலமா அடிக்க வெக்கறது எப்படி டீச்சர்?” என்று தினமும் கேட்டார்.

டீச்சர் தினமும் டீ குடித்தார்.

வீட்டிலும் நல்லசிவத்துக்கு ஒரு கேள்வி இருந்தது. பிட்டுக்கு முன்பிருந்தே இருந்தது.

சாந்தாமணிக்கு நெஞ்சு வலித்த அன்று அவர் மில்லில் இருந்தார். மகன் மாதேஸ் ஈரோட்டில் வேலையில் இருந்தான். அம்மா மகனுக்குத்தான் போன் செய்தாள். அவன் நண்பனின் காரை வாங்கிக்கொண்டு புறப்பட்டான். பள்ளிபாளையம் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்லசிவத்துக்கு அதற்கப்புறம்தான் தகவல் போனது.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்ததும் அவர் ஆரம்பித்துவிடுவார்.

“பாலத்துல மாட்டிக்கிட்டீல்ல. அப்ப எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

மாதேஸ் தட்டைப் பார்ப்பான்.

“நான் உனக்கு முன்னாலயே வந்திருப்பேன்டா. ஏன் பண்ணல?”

மில்லில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் நல்லசிவம் வீட்டுக்குப் போனதில்லை. அந்தப் பழக்கம். நல்ல பழக்கம்தான், இயந்திரங்களுக்கு. ஒரு நாள் கெஞ்சிக் கேட்பார், ஒரு நாள் அதட்டிக் கேட்பார், ஒரு நாள் கேட்டுவிட்டு அழுதும் விடுவார். மாதேஸ் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. பாவம், இரண்டு வருடமாக அந்தப் பையன் ஒரு வேளைச் சோற்றையாவது நிம்மதியாகத் தின்றிருப்பானா என்பது சந்தேகம்தான்.

இப்போது அவன் ஈரோட்டில் தனியாக வீடு பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்று சொல்லி, துணிமணிகளை அட்டைப் பெட்டியில் கட்டத் தொடங்கியிருந்தான்.

வியாழக்கிழமை காலை நல்லசிவம் பட்டறைக்கு வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

“டீச்சர், பையன் என்னைய உட்டுட்டுப் போறான்.”

டீச்சர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“சாந்தாமணி போனா. இவனும் போயிட்டா அந்த வீட்டுல நான் யாரோட பேசறதுங்க? போறவன் அந்த ஒரு பதிலையாவது சொல்லீட்டுப் போகலாமில்லீங்களா? கேக்கற விதத்துல எல்லாம் கேட்டுட்டேன். இன்னும் எப்படிக் கேட்டா சொல்லுவான்?”

டீச்சருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது வேறு.

“உங்க பிட்ட வண்டில மாட்டுங்கண்ணா. பார்க்கலாம்.”

மாட்டினார்கள். பிட்டை இடிக்க வைக்கும் காற்றுக்காகச் செங்கோடன் கம்ப்ரசரை ஓட்டினான். லீவரில் நல்லசிவமே நின்றார். பிட் பாறையில் இடிக்கத் தொடங்கியதும் பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. சத்தத்தைக் கேட்டால் பாறை நாலாகப் பிளந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ராடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சுற்றியது.

டீச்சர் குனிந்து, துளையோரம் குவிந்திருந்ததை ஒரு கை அள்ளினார். சாதாரண பிட் போட்ட பழைய துளையின் ஓரத்திலிருந்து இன்னொரு கை அள்ளினார். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டையும் நல்லசிவத்தின் இரண்டு உள்ளங்கையிலும் கொட்டினார்.

“இதைப் பாருங்க.”

நல்லசிவம் பார்த்தார். பழைய துளையிலிருந்து வந்தது நொய்யரிசி போலக் கரகரவென்றிருந்தது. அவருடைய பிட் தள்ளியது முகத்துக்குப் போடும் பவுடர் போல இருந்தது.

“என்னோடதுதான் நல்லா அரைச்சிருக்குது,” என்றார். அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமை.

“நாம கல்ல அரைக்க வந்தோமா, கீழ போக வந்தோமா?”

நல்லசிவம் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு கல்லை எத்தன தடவ உடைக்கோணும்ங்கண்ணா?”

“ஒரு தடவ.”

“இது?”

நல்லசிவம் அந்தப் பொடியை விரலுக்கிடையில் தேய்த்தார். வழுவழுவென்று ஓடியது. ஒரே கல்லை எத்தனை முறை அடித்தால் இப்படி ஆகும் என்று நினைத்தபோது அவருக்கே கூச்சமாக இருந்தது. உடைந்தது பொடியாகும் முன்பே வெளியே வருவதற்கு அவர் பிட்டில் வழியே இல்லை. வழி இருந்த இடத்தில் எல்லாம் பட்டன் வைத்திருந்தார்.

“அப்ப கீழ இருக்கற பாறை?” என்று கேட்டார்.

“அதை இன்னும் தொடவே இல்லீங்கண்ணா.”

டீச்சர் மறுபடி வண்டியை ஓட்டச் சொன்னார். இடி தொடங்கியது. இந்த முறை லீவரை அவரே பிடித்தார். சற்று நேரம் கழித்து, ராடை ஒரு சாண் உயரம் மேலே தூக்கினார். தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டார்.

இடி நின்றது. காற்று மட்டும் ஓடியது.

தொப்பி மாட்டாத துளையிலிருந்து புழுதி கிளம்பியது. சாதாரணப் புழுதியில்லை. வண்டியை மறைத்து, தகரக் கூரையைத் தாண்டி, பக்கத்துப் பட்டறைக்காரர் வெளியே வந்து சத்தம் போடும் அளவுக்குக் கிளம்பியது. நல்லசிவத்தின் மீசை, புருவம் எல்லாம் வெளுத்துவிட்டன. ஒரு துளைக்குள் இவ்வளவு கிடந்ததா என்று அவர் வாயைப் பிளந்தார். பிளந்த வாய்க்குள்ளும் போனது.

“அடிக்கறதும் இதே காத்துதான், அள்ளீட்டு வர்றதும் இதே காத்துதான்,” என்றார் டீச்சர். “அடிச்சுட்டே இருந்தா அது எப்பங்கண்ணா அள்ளும்?”

சொல்லிவிட்டு ராடை இறக்கினார். அதே மாதுளம்பழப் பிட், ஒரு முழம் சரசரவென்று இறங்கியது.

மதியம் முழுக்க நல்லசிவம் இரும்பைக் கடையும் மில்லிங் மெஷினை விட்டு நகரவில்லை. ஆசையாசையாகப் பதித்த பட்டன்களில் பலவற்றைப் பிடுங்கினார். அவை இருந்த இடத்தில் பள்ளம் கடைந்து, காற்றுக்கு அகலமாக வழிவிட்டார். ஒவ்வொரு பட்டன் கழன்று விழும்போதும் பல் பிடுங்குகிறவர் போல முகத்தைச் சுளித்தார். செங்கோடன்கூட அன்று கேலி செய்யவில்லை.

வீட்டுக்குப் போனபோது மாதேஸ் அட்டைப் பெட்டிகளை வாசல் பக்கம் அடுக்கியிருந்தான். இரண்டு தட்டு வைத்து, சோறு போட்டான். உட்கார்ந்தார்கள்.

“பாலத்துல மாட்டிக்கிட்டீல்ல…” என்று நல்லசிவம் ஆரம்பித்தார்.

மாதேஸ் தட்டைப் பார்த்தான்.

நல்லசிவம் நிறுத்திவிட்டார். வாய் வரைக்கும் வந்த மீதியை விழுங்கினார். ரசம் ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டார்.

பழக்கமில்லாத அமைதி அந்த வீட்டில் புது மருமகள் போல ஒட்டாமல் நின்றது. மாதேஸ் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. இன்னொரு முறை பார்த்தான். அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“நல்லாத்தான்டா இருக்கறேன். நீ சாப்பிடு.”

மாதேஸ் மோர்ப் பாத்திரத்தை எடுத்தான். ஊற்றாமலே கீழே வைத்தான்.

“பாலத்துல நிக்கறப்ப அம்மா மறுபடி போன் பண்ணுச்சுப்பா.”

நல்லசிவம் கையிலிருந்த அப்பளத்தைத் தட்டில் போட்டார்.

“வாயு புடிச்ச மாதிரிதான் இருக்குது, மெதுவா வாடான்னுச்சு. அப்பாவுக்குச் சொல்லட்டுமான்னு நான் கேட்டேன். வேண்டாம்னுச்சு. முன்ன ஒரு தடவ எனக்குக் காய்ச்சல்னு சொன்னதுக்கே நீங்க பைக்ல பறந்து வந்து உழுந்து கைய முறிச்சுக்கிட்டீங்கல்ல. அந்த மனுசன்கிட்ட மட்டும் சொல்லீராத, ரோட்டுல கண்ணு மண்ணு தெரியாம வருவாருன்னுச்சு.”

குழம்புக் கரண்டி தட்டில் சரிந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை.

“இத ஏன்டா…” என்றவர், அதையும் முடிக்கவில்லை.

மாதேஸே முடித்தான். “சொல்லியிருந்தா அம்மாவையும் தினமும் கேப்பீங்க. ஏன் சொல்ல வேண்டாம்னேன்னு. என்னையக் கேட்டா நான் சும்மாவாச்சும் உக்காந்திருப்பேன். அம்மா பாவம், எங்கிருந்துப்பா பதில் சொல்லும்?”

நல்லசிவம் எச்சில் கையோடு மகனின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

மறுநாள் காலை, கடைந்த பிட்டை வண்டியில் மாட்டினார்கள். நல்லசிவம் லீவரில் நின்றார். ராடு முழுசாக உள்ளே போகும்வரை எங்கும் நிற்கவில்லை. துளையிலிருந்து நொய் சீறிக்கொண்டு வந்து செங்கோடனின் சட்டையில் சடசடவென்று தெறித்தது.

“அண்ணா, இறங்குதுங்கண்ணா!” என்று அவன் குதித்தான். பட்டறையே கூடி நின்று கைதட்டியது. டீச்சர் கைதட்டவில்லை, ஆனால் டீ டம்ளர் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

வண்டியை நிறுத்தினார்கள். எல்லோரும் கலைந்தபின் நல்லசிவம் வண்டிப் படியில் உட்கார்ந்தார். ஒரு கை நொய்யை அள்ளி வைத்துக்கொண்டு, வீட்டில் நடந்ததை மெதுவாகச் சொன்னார். டீச்சர் பக்கத்தில் நின்று கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை போறாரா?” என்று மட்டும் கேட்டார்.

“கேக்கலீங்க. பொட்டியெல்லாம் வாசல்லயேதான் இருக்குது. காலைல கிளம்பறப்ப, ராத்திரிக்கு என்னப்பா சமைக்கட்டும்னு கேட்டான்.”

டீச்சர் தலையாட்டினார்.

நல்லசிவம் கையிலிருந்த நொய்யைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“ரெண்டு வருசம் டீச்சர். பெத்த பையன ரெண்டு வருசம் சாப்பிட உடாம வெச்சிருந்திருக்கறேன். மொத நாளே நான் வாய மூடீட்டு உக்காந்திருந்தா அவன் அன்னிக்கே சொல்லியிருப்பான். ஏன் எனக்கு அது தோணல? அவனுக்குக் காய்ச்சல்னப்ப நான் பைக்ல இருந்து உழுகாம இருந்திருந்தா அவளும் எனக்கே போன் பண்ணியிருப்பா. நான் ஏன் அப்படி…”

“அண்ணா,” என்றார் டீச்சர்.

நல்லசிவம் நிமிர்ந்தார்.

“மறுபடியும் பொடியத்தான் அடிக்கறீங்க. கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.”