நடுவில் ஓர் ஆள் உயரம்

தணிகைவேல் மாணவர்தான். ஆனால் தன் பேராசிரியையைவிடப் பத்து வயது மூத்தவர். அரசுப் பள்ளியில் பல வருடம் அறிவியல் நடத்திவிட்டு, நீண்ட விடுப்புப் போட்டு ஜியாலஜி எம்.எஸ்சி. சேர்ந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். பேராசிரியை ஹமீதாவும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

படிவுப் பாறைகள் பாடத்துக்கு ஒரு களப்பணி இருந்தது. ஓடை அறுத்துவிட்ட செங்குத்தான கரையில், எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று அளந்து, படம் வரைந்து, அறிக்கை எழுத வேண்டும். படத்தில் மணற்கல்லுக்குப் புள்ளி, களிப்பாறைக்குக் கோடு.

கரையின் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு மண் சரிந்து பாறையை மூடியிருந்தது. அதன்மேல் சீமைக்கருவேல் வேறு மண்டிக்கிடந்தது.

படங்கள் வந்து சேர்ந்தன. ஹமீதா மேசையில் பரப்பிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் அந்த ஓர் ஆள் உயரத்துக்குப் புள்ளிகள். தணிகைவேலை அழைத்தார்.

“இந்த இடத்துல மணற்கல்ல எங்க பாத்தீங்க சார்?”

“பாக்கல மேடம். கீழ மணற்கல், மேல மணற்கல். நடுவுலயும் அதுதான இருக்கும்?”

“எல்லாருமே அப்படிப் போட்டிருக்காங்க.”

“என்கிட்ட கேட்டாங்க. சொன்னேன்.”

“தெரியலன்னு சொல்லியிருக்கலாமே.”

அவர் முகம் சுருங்கியது. “இத்தனை வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன். பசங்க கேட்டு, தெரியலன்னு நான் சொன்னதே இல்ல மேடம்.”

ஹமீதா படங்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

“சனிக்கிழமை ஏதாவது வேலை இருக்கா சார்? நான் மண்வெட்டி கொண்டுவர்றேன்.”

சனிக்கிழமை இருவரும் போனார்கள். முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு, மேலிருந்து தொடங்கினார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் வெட்டினார்கள். ஆனால் தணிகைவேல் தன் முறை முடிந்தும் மண்வெட்டியைத் தரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. யாரிடமோ கோபித்துக்கொண்டவர் போல வெட்டினார்.

ஓரிடத்தில் ‘ணங்’ என்றது. மண்ணைக் கையால் வழித்துத் தள்ளினார். பழுப்புப் பாறை. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் மணிகள் மினுங்கின.

“பாத்தீங்களா மேடம்! நான் சொன்னதேதான்!”

ஹமீதா குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். “மணற்கல்தான். அருமையாத் தெரியுது.”

“அப்ப என் படம் சரிதான?”

“இன்னைக்குச் சரி சார்.”

“போன வாரம்?”

“போன வாரம் அதிர்ஷ்டம்.”

தணிகைவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

இடுப்பளவுக்கு வந்ததும் வேலை நின்றுபோனது. கீழே பெரிய பாறாங்கல் ஒன்று விழுந்து கரையோடு பதிந்திருந்தது. தணிகைவேல் நெம்பினார், அசையவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

“மீதியும் மணற்கல்தான் மேடம்.”

“இருக்கலாம்.”

ஹமீதா மேற்கொண்டு பேசுவார் என்று அவர் காத்திருந்தார். ஹமீதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஓடை மணலில், கரையின் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். தணிகைவேல் அந்தப் பாறாங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருவேளை களியா இருந்தா, அந்தக் காலத்துல மணல் கொண்டுவந்து போட்ட ஆறு கொஞ்சம் அடங்கியிருக்கணும்.”

“ஆமா.”

“அந்தக் களியில கடல் சிப்பி இருந்தா?”

“கடல் வந்துட்டுப் போயிருக்கும்.”

“இங்கயா?”

“இருந்தா.”

அவர் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து, “வேற என்னெல்லாம் இருக்கலாம் மேடம்?” என்றார். சாப்பாடு முடிந்தும் வெகு நேரம் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவருக்கு மனமே இல்லை.

திங்கட்கிழமை லேபில், உடன் படிக்கும் ஜெபஷீலா அழிப்பானும் கையுமாக வந்தாள்.

“வாத்தியாரே, மேல்பாதி மணற்கல்லாம்ல? கீழ்ப்பாதிக்கு என்ன போடணும்?”

“தெரியலம்மா.”

“உங்களுக்கேவா?”

“எனக்கேதான்.”

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு, “அப்ப எனக்கும் தெரியல,” என்று சொல்லிவிட்டுப் புள்ளிகளை அழிக்க உட்கார்ந்தாள். அவர்மேல் அவள் வைத்திருந்த மரியாதை எள்ளளவும் குறைந்ததாகத் தெரியவில்லை. தணிகைவேலுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அன்று மதியம் காப்பி அவருக்கு வழக்கத்தைவிட ருசித்தது.

புது அறிக்கையை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். படத்தில் மேல்பாதிக்குப் புள்ளிகள். அதற்குக் கீழே வெள்ளை. பக்கத்தில் ‘மூடியுள்ளது, பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தார்.

ஹமீதா பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தணிகைவேல் நகரவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்?”

“கேளுங்க சார்.”

“எழுதுனா முழுசா எழுதணும்னுதான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். நடுவுல இப்படி வெள்ளையா விட்டா, நாளைக்கு இதைப் படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“அங்க போய்த் தோண்டிப் பாக்கணும்னு நினைப்பாங்க சார்.”