சலங்கையைத் தேடின உச்சிவேளைப் பேய்

சரி, கண்ண மூடு. மூடிக்கிட்டே ம் கொட்டணும். கொட்டலைன்னா அத்தை பாதியிலயே எழுந்து போயிடுவேன், எனக்குத் துணி காயப்போடற வேலை கெடக்கு. ஆங், அப்படித்தான்.

ஒரு ஊர்ல ஒரு புளியமரம். அந்தப் புளியமரத்துல ஒரு பேய். பேரு பவுனாயி. போர்வைய இழுக்காதடி, இது ராத்திரிப் பேய் இல்ல. உச்சி வெயில்ல புளியமரத்தடிக்குப் போகாதேன்னு உங்கம்மா கத்துவாள்ல, அந்த உச்சிவேளைப் பேய். வெயில் உச்சிக்கு வந்ததும் வேலைய ஆரம்பிக்கணும், பிள்ளையார் கோயில்ல சாயங்கால மணி அடிச்சதும் முடிச்சுக்கணும். அதுக்கு மேல யாரையாவது பயமுறுத்துனா ராத்திரிப் பேய்ங்க சண்டைக்கு வந்துடும். சிரிக்காத. பேய்க்கும் ஒரு முறை இருக்கு.

அப்போ அவகிட்ட சாமான் என்னென்ன? ரெண்டு காலுக்கும் சலங்கை. மேல போத்திக்க ஒரு வெள்ளச் சீலை. ரெண்டு கோரப்பல்லு, வேணும்னா மாட்டிக்கலாம், வேணாம்னா கழட்டிக்கலாம். அப்புறம் முழங்கால் வரைக்கும் தலமுடி. எல்லாம் நல்ல சாமான்தான். ஆனா கழுதைக்கு ஒழுங்கா எடுத்து வைக்கத் தெரியல.

கோயில்ல டண்ண்ணு மணி அடிக்கும். அவ்வளவுதான்! காலை உதறுவா, ஒரு சலங்கை அந்தக் கிளையில ஜல், இன்னொண்ணு இந்தப் புதர்ல ஜல். சீலைய உருவி தொப்புன்னு எறிவா. பல்ல த்தூன்னு துப்புவா. தலமுடியக்கூட முடிஞ்சுக்கமாட்டா, பொந்துக்குள்ள பொத்துன்னு விழுவா. கேட்டா, "நாளைக்குப் பாத்துக்கலாம்"பா. நாளைக்கு யாரு பாக்கறது? பக்கத்து மரத்துப் பேயா வந்து பாக்கும்? இவதானே பாக்கணும்!

ம் எங்க? ஆங்.

அப்புறம் என்னாச்சு, அந்த மரத்தடியில யாரும் பயப்படறதே இல்லன்னு ஆயிப்போச்சு. சேதி முனிக்குப் போச்சு. முனின்னா அந்தப் பக்கத்துப் பேய்ங்களுக்கெல்லாம் பெரியவரு. பனமரம் ஒசரம், கையில சுருட்டு. புஸ்ஸு புஸ்ஸுன்னு புகைய விட்டுக்கிட்டே வந்து நின்னாரு.

"ஏ பவுனாயி, உன் மரத்தடியில ஆளுங்க துண்ட விரிச்சுத் தூங்குறாங்களாமே?"

"ஒண்ணு ரெண்டு பேருதான் சாமி."

"வர்ற அமாவாசைக்குள்ள ஒரே ஒரு ஆளையாவது அலற வச்சுக் காட்டு. இல்லன்னா மரத்த வேற பேய்க்குக் குடுத்துட்டு, உன்னப் பாழுங்கிணத்துல போட்டுடுவேன்."

பாவம், அவளுக்கு அந்த மரம்னா உசுரு. மேக்குக் கிளையில உக்காந்தா காத்து சிலுசிலுன்னு வரும், ஏரி முழுக்கத் தெரியும். பாழுங்கிணத்துல என்ன இருக்கு? தவளை. கொர்ரக் கொர்ரக்னு பொழுதுக்கும்.

அப்புறம் மறுநாள் மத்தியானம் ஒரு மோர்க்காரம்மா தலையில பானையோட தனியா வந்தாங்க. பவுனாயி துள்ளி எழுந்தா. சலங்கை எங்க? மேல தேடினா, கீழ தேடினா, ஒண்ணுதான் கெடச்சுது. முடி வேற கிளையில சிக்கி இழுக்குது, ஆ ஆன்னு கத்திக்கிட்டே பிச்சுக்கிட்டு வந்து புதருக்குப் பின்னால நடந்தா. ஒத்தச் சலங்கை எப்படிக் கேக்கும்? ஜல். அப்புறம் சத்தமே இல்ல. அப்புறம் ஜல்.

மோர்க்காரம்மா நின்னு பாத்தாங்க. "இந்தப் பொன்னுரங்கம் வீட்டு ஆடு மறுபடி கயித்த அத்துக்கிச்சா?" ஒரு குச்சிய ஒடிச்சாங்க. "ச்சூ! ச்சூ! வீட்டுக்குப் போ, சனியனே!" புதருக்குள்ள சுளீர் சுளீர்னு ரெண்டு போட்டாங்க. பேய் அடி வாங்கிக்கிட்டு ஓடுச்சு!

மெதுவா சிரி, பக்கத்துல தம்பி தூங்குறான்.

அப்புறம் இன்னொரு நாளு. பாம் பாம்னு ஐஸ்காரரு சைக்கிள்ல வர்றாரு. பவுனாயி சீலையத் தேடி எடுத்தா, எறும்புப் புத்து மேல கெடந்துது. பதட்டத்துல உதறாமப் போத்திக்கிட்டா. பல்லக் காணவே காணோம். சரி, சும்மா குதிப்போம்னு தொப்புன்னு அவரு முன்னால குதிச்சா. குதிச்சதும் எறும்பு சுருக்குன்னு கடிச்சுது. கைய ஒதறுறா, காலை ஒதறுறா, "ஐயோ, அம்மா, ஆத்தா!"ங்கிறா. அலற வேண்டியது யாரு, அலறுறது யாரு பாரு!

ஐஸ்காரரு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாரு. "அடடா, எறும்பா ஆயா? பல்லு போன வயசுல இந்த வெயில்ல உனக்கென்ன வேலை? இந்தா, இத வச்சுத் தேயி." ஒரு சேமியா ஐஸக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

பவுனாயி கொஞ்சம் தேச்சா, மிச்சத்தச் சப்பினா. சப்பிக்கிட்டே ஏங்கி ஏங்கி அழுதா.

ம் சொல்லு. தூங்கிட்டியா? இல்லல்ல.

அமாவாசைக்கு முந்தின நாளு வந்துருச்சு. சாயங்காலம் டண்ண்ணு மணி அடிச்சுது. வழக்கம்போல அதது அங்கங்க பறந்துச்சு. பொந்துல விழுந்தா. ஆனா கண்ண மூட முடியல. நாளைக்குச் சலங்கை கெடைக்குமா? சீலையில எறும்பு ஏறியிருக்குமா? பல்லு எங்க போச்சு? இந்தப் பக்கம் பொரண்டா, அந்தப் பக்கம் பொரண்டா. ஊரையே பயமுறுத்த வேண்டிய பேயி, விடியப்போறத நெனச்சு பயந்து நடுங்குது!

கடைசியில அவளுக்கே எரிச்சல் வந்துருச்சு. "சீ! அந்தச் சலங்கையத் தேடி வச்சாத்தான் தூக்கம் வரும்போல"ன்னு எந்திரிச்சா. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. புதர்ல ஒண்ணு, கிளையில ஒண்ணு. எடுத்து ஜோடியா ஒரு கிளையில மாட்டினா. மாட்டினதும் அந்தப் பயம் கொஞ்சம் அடங்குச்சு. அட, இதென்ன! சீலைய எடுத்து பட்டு பட்டுன்னு உதறி மடிச்சு வச்சா. இன்னும் கொஞ்சம் அடங்குச்சு. பல்லு? அணில் அத வச்சுப் புளியங்கொட்ட ஒடைச்சுக்கிட்டு இருந்துச்சு. பிடுங்கி, தொடச்சு, பொந்து வாசல்ல வச்சா. முடியச் சிக்கெடுத்துப் பின்னிக்கிட்டா. படுத்தா. கொர்ர்ர்ர்.

அப்புறம் அமாவாசை மத்தியானம். பவுனாயி நிதானமா எந்திரிச்சா. கைய நீட்டுனா சலங்கை. கைய நீட்டுனா சீலை. பல்ல டக்குன்னு மாட்டினா. பின்னல அவுத்தா, முடி அருவியாட்டம் எறங்குச்சு. தேடறதுக்கு ஒண்ணுமில்ல, அதனால யோசிக்க நேரம் கெடச்சுது. எந்தக் கிளையிலேருந்து எறங்கினா நெழலு பெருசா விழும், எந்த எடத்துல சிரிக்கலாம்னு எல்லாம் யோசிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தா.

ஆனா யாருமே வரல. வெயிலு சாயுது. மேக்குக் கிளையத் தடவித் தடவிப் பாக்குறா. "உன்ன விட்டுட்டுப் போகணுமா?"ங்கிறா. எனக்கே கஷ்டமா இருக்கு, சொல்லும்போது.

அப்போ சருகுல சத்தம். சரக். சரக். சரக்.

யாரு என்னன்னு பாக்கல பவுனாயி. ஜல் ஜல் ஜல் ஜல்! தலைகீழா எறங்கினா. சீலை பறக்குது, முடி பறக்குது, பல்லு பளபளங்குது. "ஹஹ்ஹஹ்ஹா!"

"ஐயய்யோ! பேயி! பேயி!"

சுருட்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அலறி அடிச்சுக்கிட்டு ஓடுறது யாரு தெரியுமா? முனி! மரத்தப் பிடுங்க வந்த முனி!

ஷ்ஷ், தம்பி முழிச்சுக்குவான்.

ஓடினவரு ஏரிக்கரையில நின்னாரு. மூச்சு வாங்குது. பவுனாயி சுருட்ட அணைச்சு, செருப்ப ஜோடி சேத்து மரத்தடியில வச்சா. அப்புறம் அங்கிருந்தே கேட்டா, "சாமி, நீங்க ஆளுல சேத்தியா?"

முனி மீசையத் தொடச்சுக்கிட்டாரு. அக்கம் பக்கம் பாத்தாரு. "சேத்திதான். மரம் உன்னுதுதான். யாருகிட்டயும் சொல்லாத. அந்தச் செருப்ப மட்டும் தூக்கிப் போடு, நான் கிட்ட வரமாட்டேன்."

அப்போ கோயில்ல டண்ண்ணு மணி அடிச்சுது. பவுனாயி சலங்கையக் கழட்டி மாட்டினா, சீலைய மடிச்சா, பல்லத் தொடச்சு வச்சா, முடியப் பின்னினா. மேக்குக் கிளையில காத்து சிலுசிலுன்னு வந்துச்சு. அவ தூங்கிட்டா.

கதைய மடிச்சு எடுத்து வச்சாச்சு, தங்கம். நாளைக்குப் பாக்கி ஒண்ணுமில்ல. நீயும் தூங்கு.