மூன்று கதவுகளின் மௌனம்

சங்ககிரி சாலையில் கார் எலெக்ட்ரீசியன் பட்டறை வைத்திருந்த தெய்வானைக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த குணசீலனுக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை சார் என்பாள். இதில் யார் குரு என்று வருகிறவர்கள்தான் குழம்புவார்கள்.

அன்று காலை, தேங்காய் வியாபாரி பொன்னுரங்கத்தின் பழைய நீலக் கார் மூன்றாம் முறையாக வந்து நின்றது. அதே சென்ட்ரல் லாக் புகார். சாவியைத் திருப்பினால் ஓட்டுநர் கதவு மட்டும் பூட்டும். மற்ற மூன்றும் காதில் விழாத மாதிரி இருந்துவிடும்.

குணசீலனுக்கு முகம் தொங்கிவிட்டது. "இன்னொரு தடவை இந்த வண்டி திரும்பி வந்தா, டெஸ்ட் லேம்பை வச்சுட்டு வீட்டுக்குப் போயிடறேன்" என்று, ஒயரில் மின்சாரம் சோதிக்கும் அந்தக் கைவிளக்கை ஆட்டியபடி, போன வாரம்தான் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும். பட்டறைக்கு வந்த இந்த மூன்று மாதம் போல அவர் சந்தோஷமாக இருந்து பல வருடம் ஆகியிருந்தது. போக அவருக்குத் துளியும் மனமில்லை.

"மதியம் வரைக்கும் பாருங்க சார்" என்றாள் தெய்வானை.

அவர் ஓட்டுநர் கதவை அகலத் திறந்து வைத்தார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். கதவின் உள்பலகையைக் கழற்றினார். சாவியைத் திருப்பினார்.

டக், டக், டக், டக். நான்கு கதவும் பூட்டின.

பத்து முறை திருப்பினார். பத்து முறையும் நான்கு டக்.

"மேஸ்திரி, என் கையில ஒழுங்கா இருக்கற வண்டி, பொன்னுரங்கம் கைக்குப் போனதும் ஏன் கெட்டுப் போகுது?"

"வகுப்புல கடகடன்னு ஒப்பிச்ச பையன், பரீட்சையில ஏன் சார் கோட்டை விடறான்?"

"நான் பக்கத்துல நிக்கறவரைக்கும் ஒப்பிப்பான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சரி, டீ குடிச்சுட்டு வரலாம். வண்டியைப் பூட்டிட்டு வாங்க."

குணசீலன் எழுந்தார். முக்காலியை ஓரம் தள்ளினார். கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார்.

டக்.

ஒன்றே ஒன்று.

அப்படியே நின்றார். கதவைத் திறந்து திருப்பினார். நான்கு. சாத்தித் திருப்பினார். ஒன்று. திறந்தார், நான்கு. சாத்தினார், ஒன்று. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கதவும் வண்டியும் சேரும் இடத்தில் ஒயர்களை மூடியிருந்த ரப்பர் உறையை இழுத்தார். உள்ளே ஒரு பழுப்பு ஒயர் இற்று அறுந்திருந்தது. கதவைத் திறந்தால் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டன. சாத்தினால் விலகிக்கொண்டன.

"மேஸ்திரி! கதவைத் திறந்து வச்சுல்ல பார்த்திருக்கேன், மூணு தடவையும்! பொன்னுரங்கம் சாத்திட்டுத்தானே பூட்டுவார்!"

தெய்வானை வெட்டுக்குறடை அவரிடம் நீட்டினாள். அவர் ஒயரின் இற்ற இடத்தை வெட்டி, முனைகளை ஒட்டவைத்தார். கதவு சாத்தப்பட்டது. நான்கு டக். அவர் கை தட்டியே விட்டார்.

பிறகுதான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. டெஸ்ட் லேம்பை எடுத்து மேஜைமேல் மெல்ல வைத்தார்.

"வண்டி மூணாம் தடவை வந்தது வந்ததுதானே மேஸ்திரி. சொன்ன சொல் இருக்கு. நான் கிளம்பட்டுமா?"

"முக்காலியை விட்டு எந்திரிச்சதுந்தானே சார் கண்டுபிடிச்சீங்க? தாராளமாக் கிளம்புங்க. டீக்கடை வரைக்கும். எனக்குச் சர்க்கரை கம்மியாச் சொல்லுங்க."