பொய்யூர்ப் படகுக்காரி யாருக்குச் சொந்தம்?

மலைக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்ததே ஒரு காடு, அங்கே நடந்த கூத்து இது, பிள்ளைகளே. அந்தக் காட்டு மிருகங்களுக்கு ஒரு பைத்தியம். பொழுது சாய்ந்தால் போதும், வழுக்குப் பாறையில் கூடி உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஓர் ஊருக்குக் குடிபோய்விடும்!

அந்த ஊருக்குப் பெயர் பொய்யூர். அதன் மலை, ஆறு, முதலைக் கோட்டை எல்லாவற்றையும் மனத்துக்குள் கட்டியது முள்ளம்பன்றி. ஆட வருகிற ஒவ்வொருவரும் அந்த ஊரில் திரிய ஓர் ஆளைக் கற்பனையாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த ஆளாகவே பேச வேண்டும். சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கப் புளியங்கொட்டையை உருட்டுவார்கள்.

ஆட வருபவர்களில் ஓர் அழுங்கும் உண்டு. எறும்பு தின்னும் பிராணி. உடம்பெல்லாம் செதில், மனசெல்லாம் பயம். "என்னப்பா, சாப்பிட்டாயா?" என்று கேட்டாலே பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

ஆனால் அது உண்டாக்கிய ஆள் யார் தெரியுமா? படகுக்காரி வீராயி! பொய்யூர் அரசனே படகில் ஏறினாலும், "ஏய் கிரீடம், ஓரமாக உட்கார்!" என்று அதட்டுகிறவள். வீராயியாகப் பேசும்போது மட்டும் அழுங்கு சுருளாது. நிமிர்ந்து உட்கார்ந்து, காடே அதிரக் கத்தும். பேசி முடித்ததும் மறுபடியும் பந்து. பாவம், அதற்கு வாய் என்று இருந்ததே வீராயி ஒருத்திதான்.

அவளுக்கு வீராயி என்று பெயர் வைத்தது காகம். படகுப் பாட்டு கட்டிக் கொடுத்தது தவளை. அப்போதெல்லாம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஒருநாள் பக்கத்துக் காட்டு மயில் வேடிக்கை பார்க்க வந்தது. முதலைக் கோட்டைக் காவலனை வீராயி திட்டிய திட்டில், மயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அழுங்குத் தம்பி, எங்கள் காட்டிலும் இப்படி ஓர் ஆட்டம் நடக்கிறது. வீராயியைக் கூட்டிக்கொண்டு வாயேன்!"

அழுங்குக்குத் தலைகால் புரியவில்லை. முள்ளம்பன்றிக்கோ முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"அதெப்படி? அவள் படகு ஓட்டுவது என் ஆற்றில். குடிப்பது என் ஆற்றுத் தண்ணீர். பொய்யூர்க்காரி பொய்யூரை விட்டு எங்கேயும் போகக் கூடாது!"

"பெயர் வைத்த என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றது காகம்.

"அப்போ என் பாட்டு?" என்றது தவளை.

அழுங்கு "வந்து... நான்..." என்றது. அவ்வளவுதான். சுருண்டுவிட்டது.

வழக்கு கரடி மாமாவிடம் போனது. கரடி நல்ல மனசுக்காரர். ஆனால் தானுண்டு தன் தேனுண்டு என்று இருப்பவர். அந்த ஆட்டத்தின் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

"அந்த அம்மா எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"பொய்யூரில், மாமா."

"அது எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லை, மாமா."

கரடி காதைச் சொறிந்தார். "சரி, அவளைப் பெற்றது யார்?"

"அழுங்கு."

"அப்படியானால் அவளுக்கும் செதில் இருக்குமே?"

"இல்லை மாமா, அவள் மனுஷி."

"அழுங்குக்கு எப்படியடா மனுஷி பிறப்பாள்? பெற்றது ஒருத்தர், பெயர் வைத்தது ஒருத்தர், தண்ணீர் கொடுத்தது ஒருத்தர். ஆனால் ஆளே இல்லை! ஐயோ, எனக்குத் தலை சுற்றுகிறது. பேசாமல் அவளையே கூப்பிடுங்கள். அவளிடமே கேட்டுவிடுவோம்."

சிரிக்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் குழம்பித்தான் போவீர்கள்.

முள்ளம்பன்றி முந்திக்கொண்டது. தொண்டையைச் செருமி, குரலை மெல்லிசாக்கி, "வணக்கம். நான் வீராயி பேசுகிறேன். முள்ளம்பன்றி ஐயா சொல்வதுதான் நியாயம். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்" என்றது.

"வணக்கமாம் வணக்கம்!" என்று தவளை விழுந்து விழுந்து சிரித்தது. "வீராயி என்றைக்கடா ஒருத்தரை ஐயா என்றாள்?"

அப்போது பந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய்! யாரது, என் வாயால் பேசுகிறது?"

பந்து மெல்ல அவிழ்ந்தது. அழுங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஏய் முள்ளு! உன் ஆற்றை நான் என்ன சுருட்டிக்கொண்டா போகப் போகிறேன்?"

"போவதென்றால் போ! ஆனால் படகு, பாட்டு, பெயர் எல்லாம் பொய்யூரிலேயே இருக்க வேண்டும்!" என்று சீறியது முள்ளம்பன்றி.

"வைத்துக்கொள்! படகைக் கரையில் கட்டிவிட்டேன். பாட்டை மறந்துவிட்டேன். இனி நான் வீராயியும் இல்லை. போதுமா?"

அழுங்கு பாறையை விட்டு இறங்கியது. பிள்ளை போலத் தூக்கி வளர்த்த பெயர் அல்லவா? அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சுருளாமல் நடந்தது.

"பெயரும் இங்கே, படகும் இங்கே. அப்படியானால் அங்கே போவது யார்?" என்று கரடி கேட்டார்.

மறுநாள் முள்ளம்பன்றி உற்சாகமாகப் புளியங்கொட்டையை உருட்டியது.

"இதோ, வீராயி படகில் வருகிறாள்!"

"வந்து?" என்றது காகம்.

"வந்து... இறங்குகிறாள்."

"இறங்கி?"

முள்ளம்பன்றி விழித்தது. "நிற்கிறாள்."

"அட, யாரையாவது திட்டச் சொல்லப்பா!"

முள்ளம்பன்றி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சீ, போ" என்றது.

காகம் பறந்துவிட்டது. தவளையும் கொட்டாவி விட்டுக்கொண்டே ஓடைக்குப் போய்விட்டது.

பக்கத்துக் காட்டில் மயில் கேட்டது. "உன் ஆளுக்குப் பெயர் என்ன, தம்பி?"

அழுங்குக்கு உடம்பு பாதி சுருண்டுவிட்டது. பெயருக்கு எங்கே போகும்? பிறகு சட்டென்று நிமிர்ந்தது.

"பெயர் சொன்னால்தான் இடம் கொடுப்பாயோ? ஏய் தோகை, தள்ளி உட்கார்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சில நாள் கழித்துக் கரடி மாமா வழுக்குப் பாறைக்கு வந்தார். அவருக்குக் குழப்பம் இன்னும் தீரவில்லை. முள்ளம்பன்றி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

"வீராயி இருக்கிறாளா அப்பா?"

"இருக்கிறாளே, மாமா! பெயர் இருக்கிறது, படகு இருக்கிறது, பாட்டும் இருக்கிறது."

"கூப்பிடேன். ஒரு வார்த்தை பேசட்டும்."

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து யாரோ யாரையோ அதட்டுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன.

நீதி: கூடி வளர்த்த கற்பனையைத் தனக்கே என்று பிடித்துவைப்பவனிடம் பெயர்தான் மிஞ்சும்; உயிரோ, அதைப் பேசவைப்பவனோடு போய்விடும்.