நவாஸ் போட்ட கோடு

சென்னையில், சாலிகிராமத்துச் சந்து ஒன்றில், மாடிக் கொட்டகை போட்டுக் கேமராச் சாமான்களை வாடகைக்கு விடுகிறவள் ஜெசிந்தா. தோள்பட்டை தேய்கிற வரைக்கும் கேமராவைச் சுமந்துகொண்டு ஓடியவள். இப்போது ஓட முடியாது. ஓட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அப்படி வந்தவர்களில் தணிகைவேல், வயதில் அவளுக்கே மூத்தவர். கடலூரில் கல்யாண வீடியோ எடுத்தே தலை நரைத்தவர். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

தணிகைவேல் சொந்தமாக ஒரு படம் எடுக்கப் புறப்பட்டார். சின்னப் படம்தான். கடலூர்த் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்துபோய் விற்கிற காசியம்மாவைப் பற்றியது. நடிக்கப்போவதும் அதே காசியம்மாதான். ஏலம் நடக்கிற இடத்திலிருந்து அவள் கூடையோடு நடந்து வர, கேமரா அவள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்க வேண்டும். நடுவில் வெட்டே கிடையாது, எல்லாம் ஒரே ஓட்டம்.

"ஒரு நாள் காலை வியாபாரத்தை உனக்கு விடறேன் தம்பி. இன்னொரு நாள்னு வந்து நிக்காத" என்று காசியம்மா சொல்லிவிட்டாள்.

அதற்குள் ஜெசிந்தாவிடம் கூடப் படிக்கிற நவாஸ் முந்திக்கொண்டான். அவன் படத்தைச் சின்னத் தியேட்டர் ஒன்றில் போட்டுக் காட்டினார்கள். ஒரு அம்மா வீட்டுக்குள்ளிருந்து கிளம்பி, சந்துக்குள் நுழைந்து, தெருக்குழாய் வரைக்கும் போகிறாள். கேமரா அவள் கூடவே வழுக்கிக்கொண்டு போகிறது. பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தணிகைவேலும் எழுந்து தட்டினார். சத்தம் வராமல் தட்டினார்.

மறுநாள் கொட்டகை திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"மேடம், எனக்கு ஒரு கிம்பல் வேணும்."

கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும், ஓடினாலும், படம் ஆடாமல் தாங்கிக்கொடுக்கிற கருவிக்குத்தான் கிம்பல் என்று பெயர். அதற்குள் குட்டிக்குட்டி மோட்டார்கள் உண்டு.

"எந்தக் கேமராண்ணே கொண்டுபோறீங்க?"

"என்னோட பழசுதான். சின்ன லென்ஸ்."

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கிம்பலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒத்தைக் கையில பிடிச்சுக்கலாம். பின்பக்கமா நடக்கிறவருக்கு ஒரு கை சும்மா இருக்கிறது நல்லது."

தணிகைவேல் அதைத் தொடவே இல்லை.

"நவாஸ் எதை வச்சு எடுத்தான்?"

"பெருசு. ரெண்டு கைப்பிடி வச்சது. அவன் கேமரா கனம்."

"அதையே கொடுங்க."

"அதே மாதிரி மூணு இருக்கு. எதை வேணும்னாலும் எடுத்துக்கங்க."

"மாதிரி வேணாம் மேடம். அவன் கொண்டுபோனதே வேணும்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"நான் கல்யாண மண்டபத்துல நிக்க ஆரம்பிச்சப்போ அவன் பால்வாடிக்குப் போயிட்டிருந்திருப்பான்" என்றார் தணிகைவேல்.

"நானும் அப்ப பள்ளிக்கூடம்தாண்ணே."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"சரி, அவன் படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"வாசப்படி தாண்டும்போது ஒரு எகிறு எகிறுச்சு. சாக்கடைகிட்ட வலது பக்கமா ஒரு இழுப்பு. யாருமே கவனிக்கலை."

"அந்த அம்மா கையில என்ன வச்சிருந்தாங்க?"

"குழாய்க்குத்தானே போனாங்க. குடம்தான் வச்சிருப்பாங்க."

"வச்சிருந்தாங்களா?"

தணிகைவேல் கண்ணை மூடி யோசித்தார். வாசப்படி ஞாபகம் வந்தது. சாக்கடை ஞாபகம் வந்தது. அந்த அம்மாவின் கை வரவே இல்லை.

ஜெசிந்தா முக்காலியில் ஏறி, நவாஸ் கொண்டுபோன அந்தப் பெரிய கிம்பலையே எடுத்துக் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை காலையில இங்க இருக்கணும். நவாஸ் மறுபடி கேட்டிருக்கான். கேமராவை ஏத்தினதும் முதல்ல சமன் பாத்துக்கங்க."

"அதெல்லாம் தெரியும் மேடம்."

கடலூர் பஸ்ஸில் மடிமேல் வைத்துப் பெட்டியைத் திறந்தார். கேமரா உட்காருகிற பலகையின் ஓரத்தில் வெள்ளை மசியால் ஒரு கோடு இழுத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மாட்டுவதற்காக நவாஸ் போட்டுக்கொண்ட கோடு. தணிகைவேலுக்கு வயிறு குளிர்ந்தது. ஓகோ, இங்கேதான் இருக்கிறதா உன் வித்தை என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஏலம் முடிந்து, காசியம்மா கூடை நிறைய மீனும் ஐஸுமாக அள்ளிக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் ஒரு கை கொடுத்து அவள் தலைமேல் ஏற்றிவிட்டாள்.

தணிகைவேல் தன் கேமராவை நவாஸின் கோட்டில் வைத்துத் திருகினார். ஸ்விட்ச்சைப் போட்டார்.

கிம்பல் வண்டு போல முனகியது. கேமரா குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கியது. பின்பக்கமாக ரெண்டு அடி வைப்பதற்குள் அப்படியே துவண்டு நின்றுவிட்டது. அணைத்துப் போட்டார். மறுபடி முனகல். மறுபடி நடுக்கம்.

"இன்னா தம்பி? கல்யாணத்துல இதெல்லாம் இல்லாமலே நல்லாத்தானே எடுப்ப?" என்றாள் காசியம்மா.

"இருங்கக்கா. அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள். "காசி, அவரு எடுக்கிறதுக்குள்ள உன் மீனு கருவாடாயிடும்டி!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தணிகைவேலின் காது சூடாகிவிட்டது. கவிழ்த்து வைத்த ஐஸ் பெட்டிமேல் கிம்பலை நிறுத்திவிட்டு, ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"மேடம், நவாஸ் இதுல எதையோ மாத்தி வச்சிருக்கான். நான் வாங்கப்போறேன்னு தெரிஞ்சே பண்ணியிருக்கான்."

"கேமராவை எங்க மாட்டினீங்க?"

"அவன் கோடு போட்ட இடத்துலதான். மயிரிழை தப்பலை."



"அண்ணே, ஸ்விட்ச்சை அணைங்க."

அணைத்தார்.

"கேமராவிலேருந்து கையை எடுங்க. எந்தப் பக்கம் சாயுது?"

"பின்னால. வானத்தைப் பாக்குது."

"நவாஸ் லென்ஸ் முன்னால கனம். அதனால அவன் பின்னால தள்ளி வைப்பான். உங்களோடது இலேசு. அது தானா நிக்கிற இடம் வரைக்கும் முன்னால கொண்டுவாங்க."

தணிகைவேல் திருகைத் தளர்த்தினார். கோட்டைத் தாண்டி ரெண்டு விரற்கடை நகர்த்தினார். மோட்டார் ஓடாமலே கேமரா நேராக நின்றது. ஸ்விட்ச்சைப் போட்டார். முனகலே இல்லை.

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்த வெள்ளைக் கோட்டின்மேல் வைத்தார்.

"நின்னுடுச்சு மேடம். இந்தக் கோட்டை அழிச்சுடறேன். யாராச்சும் என்னை மாதிரி ஏமாந்துடுவாங்க."

"அழிக்காதீங்கண்ணே. நவாஸுக்கு நாளைக்கு அது வேணும்."

விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். கிம்பலை ரெண்டு கையாலும் தூக்கினார். உடம்பில் புதுத் தெம்பு வந்திருந்தது.

"இனிமே பாருங்க மேடம். அவன் எடுத்ததெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு ஆக்கிடறேன்."

"காசியம்மா என்ன பண்றாங்க?"

"நிக்கிறாங்க."

"எப்படி நிக்கிறாங்க?"

தணிகைவேல் திரும்பினார்.

அவர் நிற்கச் சொன்ன இடத்திலேயே காசியம்மா நின்றிருந்தாள். ஒரு கை கூடையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஐஸ் உருகி, மீன் தண்ணீர் காதோரமாக இறங்கி, கழுத்து நனைந்து, ரவிக்கை நனைந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகத்துக்கு நேராக வெயில். அசையாதே என்று அவர் சொன்னதால் அவள் அசையவில்லை.

"அண்ணே? இருக்கீங்களா?"

"கூடையோட நிக்கிறாங்க மேடம்."

"கிம்பலைக் கீழ வச்சுட்டு, முதல்ல போய் அந்தக் கூடையை இறக்குங்கண்ணே" என்றாள் ஜெசிந்தா.