ஆண்டவன் பெயரால் / உளமார

பதவி ஏற்க இன்னும் இரண்டே நாள் இருந்தது. மாயழகு நாலாக மடித்த தாள் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குருவம்மாவைப் பார்க்க நடந்தார்.

அறுபத்தொரு வயதில் அவர் ஊராட்சித் தலைவராக ஜெயித்திருந்தார். குருவம்மாவுக்கு நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். மலையடிவாரத்தில் ஒரு சாமியாரின் சமாதியைக் கூட்டித் தெளித்து, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். வயதில் சின்னவள்தான். ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக மாயழகுக்கு அவள்தான் குரு. அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

வழி வாய்க்கால் கரையோடு போகிறது. தண்ணீர் ஓடிய இடத்தில் இப்போது கருவேலம் மண்டிக் கிடந்தது. நடக்க நடக்கப் பழசெல்லாம் கூடவே வந்தது. இந்தக் கரையில்தான் அவரும் தம்பியும் துண்டை விரித்துக் கெண்டைக்குஞ்சு பிடித்தார்கள். சருகைக் கூட்டி அங்கேயே சுடுவார்கள். சுட்டதில் இரண்டு குறையும்.

“சத்தியமா நான் எடுக்கலடா” என்று தம்பியின் தலையில் அடித்துச் சொல்வார் மாயழகு. அவன் நம்பி முடித்ததும், “புறங்கையால அடிச்சேன், செல்லாது, செல்லாது” என்று கத்திக்கொண்டே ஓடுவார். தம்பி சிரித்துக்கொண்டே துரத்துவான். மறுநாளும் நம்புவான். எத்தனை தடவை ஏமாந்தாலும் மறுநாள் நம்புகிறவன் அவன்.

குருவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே. தலைவரே நடந்து வர்றீகளே. இங்க மாலை போட ஆள் இல்லையே.”

“கேலி பண்ணாத தாயி. ரெண்டு நாளா சோறு எறங்கல.”

“தோத்தவுகளுக்குத்தானே எறங்காது?”

மாயழகு தாளை எடுத்துப் பிரித்தார். “இதை எல்லார் முன்னாடியும் நின்னு படிக்கணுமாம்.”

“படிங்க, கேப்போம்.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்று படித்தார். “மாயழகு ஆகிய நான்... என் கடமையை நேர்மையாக நிறைவேற்றுவேன் என்று... ஆண்டவன் பெயரால் உளமார உறுதி கூறுகிறேன் தேவையற்றதை அடித்துவிடவும்.”

குருவம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கீரை சிதறியது.

“கடைசியா ஒண்ணு சொன்னீகளே, அதுவும் சத்தியத்துல சேத்தியாண்ணே?”

“போ தாயி. அது அடைப்புக்குறிக்குள்ள இருக்கு, கவனிக்கல.” அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. “நான் வந்ததே அதைக் கேக்கத்தான். ‘ஆண்டவன் பெயரால்’னு ஒண்ணு, நடுவுல ஒரு கோடு, அப்புறம் ‘உளமார’. ரெண்டுல ஒண்ணை அடிச்சுரணும். நான் எதை அடிக்க?”

“ஊர்ல என்ன சொல்றாக?”

“டீக்கடையில ரெண்டு கட்சியா நிக்கிறானுக. ஆண்டவன் பேரைச் சொல்லலேன்னா, திருவிழாவுல முன்னால நின்னு ஓட்டு வாங்கினவன் இப்ப சாமியை மறந்துட்டான்பாக. சொன்னா, சர்ச் தெருவுல, ‘எங்க ஆண்டவரைத்தானே சொல்றீக தலைவரே’ன்னு இப்பவே கேலி. உளமாரன்னு சொல்லிட்டு எறங்குப்பா, யாருக்கும் நோகாதுங்கிறான் மகன்.”

“நல்ல யோசனைதானே? சொல்லிருங்க.”

“முடியலையே தாயி.”

“ஆண்டவன் பேரைச் சொல்லுங்க அப்ப.”

“அதுவும் முடியல.”

குருவம்மா சிதறிய கீரையைப் பொறுக்கிச் சுளகில் போட்டாள். மாயழகு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் ஒரு கொத்தை எடுத்து உருவினார். இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது.

“இருபத்திமூணு வருஷமா ஆண்டவன் பேரை நான் வாயால சொன்னதில்ல. உனக்கும் தெரியாது. திருநீறு பூசுவேன், விழுந்து கும்பிடுவேன். பேரை மட்டும் சொன்னதில்ல.”

“ம்.”

“அந்த வருஷம் வாய்க்கால்ல தண்ணி கொஞ்சம். முறை வச்சுப் பாய்ச்சினோம். தம்பி முறையன்னிக்கு அவன் பொண்டாட்டி வீட்டுல வளைகாப்பு. ‘அண்ணே, என் வயலுக்கு நீயே திருப்பி விட்டுரு’ன்னுட்டுப் போனான். நான் போனேன். மம்பட்டியோட மடையில நின்னேன். அவன் பயிரும் வாடிக்கெடக்கு, என் பயிரும் வாடிக்கெடக்கு. பட்டப்பகல் தாயி. ஒரு காக்கா குருவி இல்ல. அம்புட்டுத் தண்ணியையும் என் வயலுக்குத் திருப்பிக்கிட்டேன்.”

“அவர் பயிர்?”

“கதிர் பிடிக்கிற நேரம். அடுத்த முறை வர்றதுக்குள்ள கருகிப்போச்சு.”

“வந்து கேட்டாரா?”

“கேக்கல.” மாயழகு கையிலிருந்த கீரைக் காம்பை ஒடித்துப் போட்டார். “‘யாரோ மடையை மாத்திட்டாங்கண்ணே’ன்னான். யாரோன்னான் தாயி. நான் அவனை ஐயனார் கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போயி, கற்பூரத்தை ஏத்தி, இந்தக் கையால அடிச்சு அணைச்சு, ஆண்டவன் மேல ஆணையா நான் செய்யலேன்னேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டான். ‘எதுக்குண்ணே இதெல்லாம், நீ சொன்னா போதாதா’ன்னான். அந்த மாசமே வயலை என்னையப் பாத்துக்கச் சொல்லிட்டு, குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டான், பனியன் கம்பெனிக்கு. நல்லது கெட்டதுக்கு வருவான். மறு பஸ்ஸுல போயிருவான்.”

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“இப்ப நான் ஜெயிச்சதுல அவனுக்குத்தான் தலைகால் புரியல. முன் வரிசையில ஒரு நாற்காலி போட்டு வையிண்ணேங்கிறான். எனக்கு வெள்ளைச் சட்டை எடுத்திருக்கான். கம்பெனியில எல்லார்கிட்டயும், எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான்னு பீத்திக்கிட்டுத் திரியுறானாம். இனிமே ஊர்லயே இருந்துர்றேண்ணே, ரெண்டு பேரும் வாய்க்காக் கரையில உக்காந்து பழைய கதை பேசலாங்கிறான்.” அவர் வலது உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “அவன் முன்னால நின்னு ஆண்டவன் பேரைச் சொல்லலாம்னா இந்தக் கை சுடுது. உளமாரன்னு சொல்லலாம்னா, உளத்துக்குள்ள அந்த மடைதான் கெடக்கு. எந்தப் பக்கத்தை அடிச்சாலும், மிச்சமிருக்கிற பக்கம் என்னையவே பாக்குது.”

குருவம்மா கீரைச் சுளகைத் தள்ளி வைத்தாள்.

“அன்னிக்குக் கற்பூரம் ஏத்தச் சொன்னது யாருண்ணே?”

“யாரும் சொல்லல.”

“பூசாரி?”

“அவன் ஊர்லயே இல்ல.”

“உங்க தம்பி?”

“அவன்தான் வேணாம்னானே.”

“அப்ப உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சாமியைக் கொண்டாந்து நிப்பாட்டுனது?”

மாயழகு தலை குனிந்தார். சமாதிக் கொட்டகையின் தகரம் வெயிலில் சடசடத்தது.

“அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்” என்றார் கடைசியில், கொஞ்சம் கோபமாகவே. “நடந்தது நடந்துபோச்சு. நாளன்னிக்கு மேடையில சாமியைக் கூப்பிடலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லு. நீ வேணாங்கிறதை அடிச்சுட்டு மத்ததைப் படிக்கிறேன். என்னைய இப்படி ஒவ்வொண்ணா கேட்டுக் கொல்லாத.”

குருவம்மா அவர் கையிலிருந்த தாளை வாங்கினாள். மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கத்தைப் பார்த்தாள், அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றையும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“ரெண்டும் நல்ல வார்த்தையாத்தாண்ணே இருக்கு.”

“சொன்னா அவன் வர மாட்டான் தாயி” என்றார் மாயழகு திடீரென்று. “திரும்பி வர்றேன்னு இப்பதான் வாயைத் திறந்து சொல்லியிருக்கான். சொன்னா, அத்தோட போச்சு. செத்தாக்கூட வர மாட்டான்.”

“எதைச் சொன்னா?”

அவர் விழித்தார்.

“நான் எதையும் சொல்லச் சொல்லலையே அண்ணே. நீங்க கேட்டது ஆண்டவன் பேரைப் பத்தி.”

மாயழகு தாளை மடிக்க ஆரம்பித்தார். நாலாக மடித்தது எட்டாகியும் கை நிற்கவில்லை.

குருவம்மா அவர் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். கேலி போயிருந்தது. தங்கச்சி ஒருத்தி கேட்பதுபோல மெதுவாகத்தான் கேட்டாள்.

“ஆண்டவன் பேரைச் சொல்லலாமான்னு கேக்க இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீக. வந்ததுலேருந்து தம்பிங்கிறீக, அவன்ங்கிறீக. அவருக்கு ஒரு பேர் இருக்குமே. அது என்னண்ணே?”

மாயழகு வாயைத் திறந்தார். வெகுநேரம் திறந்தபடியே இருந்தார். பேர் மட்டும் வரவில்லை.